ஒன்றாம் கட்டத்தில் யார்

ஐந்து எண்களை எழுதிவிட்டாள் ஜெயசீலி. இரண்டாம் கட்டத்தில் பதினொன்று, மூன்றில் ஆறு, நான்கில் இரண்டு, ஐந்தில் எட்டு, ஆறில் பத்து. எழுதும்போது கை எங்கும் தயங்கவில்லை. ஒன்றாம் கட்டம் மட்டும் காலி. உள்ளங்கை அகலம்கூட இல்லாத சீட்டு அது. வாலிபால் ஆட்டத்தில் ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் பயிற்சியாளர் அதைப் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு, இரண்டாவது ரெஃப்ரியிடம் கொடுக்க வேண்டும். களத்தில் எந்த இடத்தில் யார் நிற்பது என்பது அந்தச் சீட்டில் இருக்கும். கொடுத்தால் கொடுத்ததுதான், அப்புறம் போய், ஐயோ சார், யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்று தலையைச் சொறிந்தால் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பி.இ.டி. டீச்சராக இருக்கிறவள், இந்தச் சீட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதியிருக்கிறாள், ஒருமுறை காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு எழுதியிருக்கிறாள். இன்று பேனாவின் மூடியைப் போடுகிறாள், கழற்றுகிறாள், மறுபடி போடுகிறாள். மணி எட்டு நாற்பது. ஒன்பது மணிக்கு மாவட்ட இறுதி ஆட்டம். அந்த ஒரு கட்டத்தில் எழுத இரண்டே இரண்டு எண்கள்தான் உண்டு, ஒன்பது அல்லது நான்கு. ஒன்பது பேச்சியம்மாள். நான்கு பெனிட்டா. பெனிட்டா அவள் பெற்ற மகள்.

மற்ற ஐந்து இடத்தில் யாரைப் போட்டாலும் இந்தத் தொல்லை இல்லை. இது செட்டரின் இடம். எதிராளி அடிக்கிற பந்தை ஒருத்தி வாங்குவாள். வாங்கியது செட்டரின் கைக்கு வரும். அதை எந்த அடிக்கிறவளுக்கு, எவ்வளவு உயரத்தில், முன்னாலா பின்னாலா என்று கண் இமைக்கிற நேரத்தில் முடிவுசெய்து தூக்கிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் முழுக்க அவள் விரல் வழியாகத்தான் போகும், ஆனால் கைதட்டல் அடித்தவளுக்குத்தான். தோற்றால் மட்டும் எல்லோருக்கும் செட்டரின் பெயர் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஜெயசீலிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியதில்லை, அவளும் செட்டராக இருந்தவள்தான். இருந்தவள் என்று சொல்லலாமா? பல்கலைக்கழகப் போட்டிக்கு நான்கு நாள் ரயிலில் போய், ஐந்து ஆட்டத்திலும் டிராக் சூட்டைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, நான்கு நாள் ரயிலில் திரும்பி வந்தவளை என்னவென்று சொல்வது. தங்கவேல் சார்தான் அப்போது கோச். ஆட வைத்தது அவருடைய மைத்துனர் மகளை. சீட்டில் அவர் எழுதும்போது ஜெயசீலி அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதினார். அந்த ஒரு நொடி அவர் யோசித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ரயில் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது ஒரு சத்தியம் செய்தாள்: நான் ஒரு காலத்தில் இந்தச் சீட்டை எழுதுகிறவளாக ஆனால், சொந்தக்காரி என்பதற்காக ஒருத்தியின் எண்ணை எழுதமாட்டேன். இருபது வயசில் செய்கிற சத்தியத்துக்கு எதிர்காலத்தில் தனக்கு ஒரு மகள் பிறப்பாள், அவளுக்கும் இதே விரல்கள் இருக்கும் என்பதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

"இன்னும் எழுதலியா டீச்சர்?" என்றாள் உலகம்மாள் டீச்சர், பக்கத்து நாற்காலியிலிருந்து. மடியில் விடைத்தாள் கட்டு. கணக்கு டீச்சர். பெண் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போனால் இரண்டு ஆசிரியைகள் கூடப் போக வேண்டும் என்பதால் வருஷா வருஷம் வருவாள். ஸ்கோர் தாளில் உதவிப் பயிற்சியாளர் என்று அவள் பெயர்தான் இருக்கும். வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் சொல்வாள். "எழுதுதேன்" என்றாள் ஜெயசீலி. "எனக்குன்னா சீட்டுக் குலுக்கிப் போட்டிருவேன்" என்று சொல்லிவிட்டு உலகம்மாள் டீச்சர் ஒரு விடைத்தாளில் பெரிய சுழியைப் போட்டாள். இவள் பாடு நிம்மதி. சரியா தப்பா என்று பக்கத்திலேயே விடை இருக்கிறது.

வலையின் இந்தப் பக்கம் பிள்ளைகள் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தார்கள். நேற்றுப் பெய்த ஐப்பசி மழையில் தரை இன்னும் ஈரம், மரத்தூள் தூவியிருந்தார்கள். கடல் காற்று வலையைக் கொஞ்சம் உப்பவைத்தது. சாமியானாவின் கீழே மாநில அணிக்கு ஆள் எடுக்கிற மூன்று பேர் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் இன்றைக்கு ஒரு ஆட்டம்தான் பார்ப்பார்கள். பெனிட்டாவுக்கும் பேச்சிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடத்துக்காக ஆடுகிற கடைசி ஆட்டம் இது. இன்றைக்குச் சீட்டில் இல்லாதவள் அவர்கள் கண்ணில் படமாட்டாள். அவ்வளவுதான். ஒரு வருஷமாகப் பெனிட்டா யார் கண்ணிலும் படவில்லை. ஒரு வருஷமாக ஒன்றாம் கட்டத்தில் ஒன்பதுதான். பேச்சி நன்றாகத்தான் ஆடினாள், குறை சொல்ல முடியாது. தெருவில் பையன்களோடு ஆடிப் பழகின பிள்ளை, பந்தை உயரமாக, அழகாகத் தூக்குவாள், அடிக்கிறவளுக்கு ஊர் உலகமெல்லாம் யோசித்துவிட்டு அடிக்க நேரம் கிடைக்கும். அதுதான் வினையும். சனிக்கிழமை லீக் ஆட்டத்தில் இதே எதிர் டீமின் இரண்டு நெட்டைப் பிள்ளைகள் அந்த உயரப் பந்துக்கு ஆற அமர வந்து நின்று, கையை நீட்டி அடைத்துவிட்டார்கள். ஒரு செட்டில் ஒன்பது தடவை. இவர்களுக்குத் தாழ்வான, வேகமான பந்து வேண்டும். பெனிட்டாவின் பந்து. இதைத் தெரிந்துகொண்டு பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறாயே சீலி, உனக்கு வெட்கமாக இல்லையா? தெரிந்ததா, அல்லது மகள் என்பதால் தெரிகிறதா? பந்து தாழ்வாகப் போவது உண்மை. அதைப் பார்க்கிற கண் யாருடையது?

காலையில் புருஷன் அருள்மணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விட்டான். வழி முழுக்கப் பேசவில்லை. மின்வாரிய ஆபீஸில் நாள் முழுக்க மனிதர்களிடம் பேசிப் பேசி, வீட்டில் பேச்சைச் சிக்கனமாகச் செலவு செய்கிற ஆள். இறங்கும்போதுதான், "சீலி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாத" என்றான். "ஊர்க்காரன் வாய்க்குப் பயந்து ஒரு பிள்ளைய ஒரு வருசமா ஒக்கார வச்சிருக்க. வேற வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்பிடிச் செஞ்சிருப்பியா?" அவள் கோபப்பட்டாள். என்ன பதில் சொன்னாள் என்பது இப்போது ஞாபகம் இல்லை, ஏதோ சுள்ளென்று. அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, "சரி, சாப்பிட்டுக்கோ" என்று போய்விட்டான். வேற வீட்டுப் பிள்ளையா இருந்தா. இந்த ஒரு வார்த்தை பஸ்ஸில் ஏறியதிலிருந்து பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி நிற்கிறது. வேறு வீட்டுப் பிள்ளை ஒரு பந்தைத் தப்பாகக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? திட்டுவாள், தண்ணீர் கொடுப்பாள், அடுத்த ஆட்டத்தில் இறக்குவாள். ஒரு பந்துக்கு ஒரு வருஷம் யாருக்கும் கொடுத்ததில்லை. அதிலும் அந்தப் பந்து. அந்தப் பந்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். சீட்டைப் பார். ஒன்றாம் கட்டம்.

தங்கவேல் சாரின் மைத்துனர் மகளை ஆறேழு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலி பஸ்ஸில் பார்த்தாள். கண்ணாடி போட்டு, உடம்பு கனத்து, மடியில் காய்கறிப் பை. அவளே அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாளையங்கோட்டை வரைக்கும் பிள்ளைகள், சுகர், வீட்டு வாடகை என்று பேசிவிட்டு, இறங்கப் போகிற நேரத்தில் சொன்னாள்: "நான் அன்னைக்கி நல்லாத்தான் ஆடுனேன் ஜெயசீலி. ஒருத்தர் வாயிலயும் அது வரல. மாமா போட்டாரு, மாமா போட்டாருன்னுதான் சொன்னாவ." ஜெயசீலி சிரித்து மழுப்பினாள். அவள் நன்றாக ஆடினாளா? பெஞ்சிலிருந்து ஐந்து ஆட்டம் பார்த்தவள், அந்தப் பெண் கொடுத்த ஒரு பந்துகூட ஞாபகம் இல்லை. அவளைப் பார்க்கவே இல்லை. தங்கவேல் சாரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஐந்து ஆட்டமும் வயிறு எரிய எரிய. அப்படியானால் நியாயம் என்று தான் தூக்கிச் சுமக்கிறதில் எத்தனை படி நியாயம், எத்தனை படி எரிச்சல்? இதை யாரிடம் கேட்பது. உலகம்மாள் டீச்சரிடம் கேட்டால் பின்னத்தில் சொல்லிவிடுவாள்.

"மிஸ்." பேச்சி வந்து நின்றாள். நெற்றியில் வேர்வை, முழங்காலில் மரத்தூள். சுற்றி வளைக்கத் தெரியாத பிள்ளை. "நாந்தான மிஸ்?" "இன்னும் எழுதல." "வருசம் பூரா நாந்தான மிஸ் ஆடுனேன்." "ஆமா." "சனிக்கெழம அந்த ரெண்டு நெட்டச்சியும் எம் பந்த அடச்சாளுவ, எனக்குத் தெரியும். நான் மாத்திப் போடுவேன். எங்க அண்ணன் வந்திருக்கான் மிஸ், லீவு போட்டுட்டு. நான் ஆடணும்." எதிரே நின்று கேட்கிற அந்த தைரியம் ஜெயசீலிக்குப் பிடித்தது, பொறாமையாகக்கூட இருந்தது. பந்து பழகின இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பெனிட்டா ஒரு தடவைகூட இப்படி வந்து, நான் ஆடணும் என்று கேட்டதில்லை. கேட்கிற மாதிரி தான் வளர்க்கவில்லை. "போ, சர்வ் போட்டுப் பாரு. கூப்பிடுதேன்" என்றாள். பேச்சி சீட்டின் காலி கட்டத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் போனாள்.

மைதானத்தில் பெனிட்டா அவளை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்றைக்கே போட்ட சட்டம். மற்ற பிள்ளைகள் முன்னால் அம்மா கிம்மா என்று கொஞ்சக் கூடாது. இவளும் யாரிடமும் மைதானத்தில் என் மகள் என்று சொன்னதில்லை, நாலாம் நம்பர் என்பாள், அந்தப் பிள்ளை என்பாள். போன வருஷத்துக்குப் பிறகு பெனிட்டா வீட்டிலும் மிஸ் என்று கூப்பிட ஆரம்பித்தாள். "மிஸ், சாம்பார் ஊத்தவா?" அருள்மணி முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டான். சாப்பாட்டு மேஜையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பிள்ளைக்கு ஆறு வயசு இருக்கும். இவளே ஒரு சைகைப் பாடம் கண்டுபிடித்தாள். மற்ற கோச்சுகள் தொண்டை வற்றக் கத்துவார்கள், எதிராளிக்கும் கேட்கும். இவள் கத்தமாட்டாள். கைக்கடிகாரத்தைத் தொட்டால் பந்து இடது ஓரத்துக்கு. கண்ணாடியைச் சரிசெய்தால் முதுகுக்குப் பின்னால். காதைத் தொட்டால் நடுவில், வலைக்கு ஒட்டி, குட்டைப் பந்து. சோறு பிசைந்துகொண்டே இவள் காதைத் தொடுவாள், பிள்ளை சட்டென்று டம்ளரை நடுவில் தள்ளும். கடிகாரத்தைத் தொட்டால் இடப்பக்கம். என்ன சிரிப்பு அப்போதெல்லாம். அருள்மணியின் டம்ளரும் சேர்ந்து கவிழும். விளையாட்டாகப் பழகினது கழுத்தில் ஏறிவிட்டது. பந்து கைக்கு வருவதற்கு அரை நொடி முன்னால் பெனிட்டாவின் முகம் பெஞ்சுப் பக்கம் திரும்பும். அம்மாவின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கும். அப்புறம்தான் விரல் வேலை செய்யும்.

போன வருஷம் இறுதி ஆட்டம். மூன்றாவது செட், பதிமூன்றுக்குப் பதினான்கு. நினைக்க வேண்டாம் என்று சொன்னால் மட்டும் மனசு கேட்கிறதா. பின்னால் கூட்டத்தில் யாரோ, ஒரு அம்மாள் குரல், "டீச்சர் மவளுக்குத்தான் எல்லாம், நம்ம பிள்ளைய வேடிக்க பாக்கணும்" என்றது. ஜெயசீலிக்குக் காது சுட்டது. சுட்ட இடத்துக்குக் கை தானாகப் போனது. அவ்வளவுதான் நடந்தது. அது சைகை இல்லை, ஒன்றும் இல்லை, அவமானம். அதே அரை நொடியில் பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். நடுவில் அடிக்க யாரும் இல்லை, நடுக்காரி கீழே விழுந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தாள். பெனிட்டா நடுவில் கொடுத்தாள். பந்து ஆள் இல்லாத இடத்தில் எழும்பி, பொத்தென்று விழுந்தது. விசில். எல்லோரும் பெனிட்டாவைப் பார்த்தார்கள். குருடியாடி நீ, யாருக்குக் குடுக்க, என்று நடுக்காரி கத்தினாள். ஜெயசீலி எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "கண்ணத் தொறந்து ஆடணும்" என்றாள். அதைச் சொன்ன வாய் இதுதான். அதற்குப் பிறகு ஒன்பதாம் நம்பர். ஊரில் எல்லோரும் மெச்சினார்கள், சொந்த மகளையே உட்கார வைத்துவிட்டாள், எப்பேர்ப்பட்ட டீச்சர் என்றார்கள். தலைமையாசிரியை பிரேயரில் சொன்னாள். அந்த மெச்சலைத் தின்றுகொண்டு ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறாய். பேனாவின் மூடி கீழே விழுந்து மரத்தூளுக்குள் போனது. குனிந்து தேடினாள். கையெல்லாம் சுண்ணாம்புப் பொடி, கோடு போட்டது. கழுவிவிட்டு வந்து எழுதலாம். மணி எட்டு நாற்பத்தெட்டு.

தண்ணீர்த் தொட்டி சத்துணவுக் கூடத்தை ஒட்டி இருந்தது. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். தொட்டியின் ஓரத்திலிருந்து பார்த்தால் களம் தெரிந்தது, களத்திலிருந்து பார்த்தால் இவள் தெரியமாட்டாள். வேண்டுமென்று பார்க்கவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது. பெனிட்டா வலைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்திக்கும் பந்து தூக்கிக்கொண்டிருந்தாள். தாழ்வாக, சுருக்கென்று. ஒன்று முன்னால், ஒன்று இடது ஓரத்துக்கு. அப்புறம் முதுகை வளைத்து, பார்க்காமலே பின்னால் ஒன்று. அது வலது ஓரக்காரியின் கைக்கு நேராகப் போய் இறங்கியது. இது ஜெயசீலி சொல்லிக்கொடுத்ததில்லை. இவ்வளவு வளைந்தால் இடுப்புப் பிடிக்கும் என்று தடுத்தது. எங்கே கற்றுக்கொண்டாள்? பன்னிரண்டு பந்து எண்ணினாள். ஒரு தடவைகூடப் பெனிட்டாவின் முகம் பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சில் உலகம்மாள் டீச்சர் மட்டும் சுழி போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயசீலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்கு வெளியே வந்தாள், இரண்டு அடிதான் எடுத்து வைத்தாள். பதிமூன்றாவது பந்து வந்தது. பெனிட்டா இவளைப் பார்த்தாள். கழுத்து திரும்பியது, விரல் ஒரு கணம் நின்றது, பந்து வலையில் இடித்து விழுந்தது.

ஜெயசீலி அங்கேயே நின்றுவிட்டாள். நான்கா ஒன்பதா, நான்கா ஒன்பதா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது தப்பான கேள்வி. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. குறை தொட்டிக்கு வெளியே நிற்கிறது, முகத்தைத் துடைத்துக்கொண்டு. அழுகை வந்தது, கூடவே சந்தோஷமும் வந்தது, எது முதலில் என்று பிரித்துச் சொல்ல முடியாது. என்ன விரல்! எவ்வளவு அழகாக வளைகிறாள்!

"பெனிட்டா, இங்க வா."

"சொல்லுங்க மிஸ்." ஓடி வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"போன வருசம் கடைசிப் பந்து. நான் சைக காட்டல." சொல்லிவிட்டாள். இத்தனை சின்ன வாக்கியமா அது, இதற்கா ஒரு வருஷம். "யாரோ ஏதோ சொன்னா, காது சுட்டுச்சு, கை போச்சு. தப்பு என்னோடது."

பெனிட்டா தரையைப் பார்த்தாள். "தெரியும் மிஸ்."

"தெரியுமா?"

"ஒங்க மொகம் எனக்குத் தெரியாதா? சைக காட்டுத மொகம் இல்ல அது. ஆனா கை காதுக்குப் போச்சுல்லா. கை போனா குடுக்கணும்னுதான பழக்கியிருக்கிய."

"பெறவு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஜெயசீலி மகளின் தோளைத் தொடப்போய், மைதானம் என்பது ஞாபகம் வந்து, அப்புறம் மைதானம் கிடக்கிறது என்று தொட்டாள். "இன்னைக்கி நீ ஆடுத. அந்த நெட்டைகளுக்கு ஒம் பந்துதான் சரி. என்னப் பாக்காத, என்ன?"

பெனிட்டா உடனே சரி என்று சொல்லவில்லை. "பாக்காம இருக்க முடியாது மிஸ். நீங்க இருந்தா கழுத்து தானா திரும்பும். நான் திருப்புததில்ல, அது திரும்புது." பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "நீங்க அங்க இருக்காதிய." கோபமாகச் சொல்லவில்லை, செருப்பு கடிக்கிறது என்று சொல்கிற மாதிரி, உள்ளதைச் சொன்னாள்.

இறுதி ஆட்டத்தைப் பார்க்காமல் போவதா? இருபத்திரண்டு வருஷத்தில் தன் டீமின் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. அதிலும் இது. இந்தப் பிள்ளை ஆடுவதைப் பார்க்கத்தானே ஒரு வருஷமாக ராத்திரி தூக்கம் வராமல் புரண்டது. ஒரு செட் மட்டும் பார்க்கட்டுமா? கடைசி வரிசையில், முக்காடு போட்டுக்கொண்டு? கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவள் சரி என்பாள், அவளுக்கு மறுக்கத் தெரியாது, இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "சரி" என்றாள் ஜெயசீலி.

பேச்சியிடம் முதலில் சொல்ல வேண்டும், சீட்டைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. டீம் முழுவதையும் கூப்பிட்டு வட்டமாக நிறுத்தினாள். போன வருஷம் கடைசிப் பந்தில் நடந்தது இது, தப்பு என்னுடையது, இதுவரை சொல்லவில்லை, அதுவும் தப்பு என்றாள். நடுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு பெனிட்டாவைப் பார்த்தாள். "இன்னைக்கி பெனிட்டா ஆரம்பிக்கா. பேச்சி வெளிய இருக்கா. சனிக்கெழம பாத்தத வச்சு எடுத்த முடிவு." பேச்சியின் கண் நிறைந்துவிட்டது. "ஒங்க மவன்னு போடுதியளா மிஸ்?" நேராகக் கேட்டாள். போன வருஷம் கூட்டத்தில் அந்த அம்மாள் பின்னாலிருந்து சொன்னபோது காது சுட்டது. இந்தப் பிள்ளை முகத்துக்கு நேரே கேட்டபோது சுடவில்லை. "இல்ல. அவ என் மவன்னுதான் இத்தன நாளும் போடாம இருந்தேன். அதுல நீ ஆடுனது நல்லா ஆடுன. இன்னைக்கிப் பந்து தாழ்வா வேணும்." பேச்சி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "தோத்தா ஒங்களத்தான் கேப்பேன் மிஸ்." "கேளு. இவ தடுமாறுனா நீதான் எறங்கணும், ஒக்காந்து அழுதுட்டு இருக்காத." பேச்சி போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சமாதானமாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆகாமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு.

ஒன்றாம் கட்டத்தில் நான்கு என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது ரெஃப்ரி வாங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அது ஆறு எண்கள். உதவிப் பயிற்சியாளர் பொறுப்பேற்பார் என்று அவரிடம் சொல்லிவிட்டு, உலகம்மாள் டீச்சரிடம் வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் கையிலிருந்த சிவப்புப் பேனா நின்றுவிட்டது. "யம்மா, நான் என்னத்தச் செய்ய?" "ஒண்ணும் செய்யாதிய. அடுத்த செட்டுக்கும் இதே ஆறு நம்பர எழுதிக் குடுத்துட்டு பேப்பர் திருத்துங்க. பேச்சி சொன்னா மட்டும் எந்திரிச்சு டைம் அவுட் கேளுங்க, அவளுக்கு ஆட்டம் தெரியும்." பெஞ்சிலிருந்த பேச்சி தலையை நிமிர்த்தினாள். அழுத கண்ணோடு ஸ்கோர் பலகையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சத்துணவுக் கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றாள் ஜெயசீலி. உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசனை. களம் சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. விசில். சர்வ் அடிக்கிற சத்தம், யாரோ வாங்குகிற சத்தம். இப்போது பந்து அவள் கைக்குப் போகிறது. இப்போது. எந்தப் பக்கம்? பொத்தென்று ஒரு அடி, கூட்டம் கத்துகிறது, எந்தக் கூட்டம், நம்முடையதா அவர்களுடையதா? இரண்டாவது விசில். காலை எடுத்து வைத்தால் மூன்று அடியில் சுவர் முடிந்துவிடும். எடுத்து வைக்காதே. மூன்றாவது. நான்காவது. பந்தடி எண்ணி முடிக்கிற கணக்கில் இல்லை, ஒன்று இடது ஓரத்தில் விழுந்தது போலிருந்தது, ஒன்று வலது ஓரத்தில். எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு பிள்ளையின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "எனக்கு விடு, எனக்கு!" "முன்ன வா!" "பரவால்ல, அடுத்தது, அடுத்தது!" தெளிவான, கணீரென்ற குரல், யாரையும் கேட்காமல் உத்தரவு போடுகிற குரல். எதிர் டீமின் கேப்டனாக இருக்கும் என்று நினைத்தாள். இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த டீம் எப்படித் தோற்கும்.

சமையல்கார அம்மாள் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். சுவர் முனைக்குப் போய் எட்டிப் பார்த்தாள், ஒரு நிமிஷம் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"யாரு டீச்சர் அந்தப் பிள்ள, இந்தக் கத்து கத்துது? பச்சச் சட்ட, நாலாம் நம்பரு."

ஜெயசீலி காதைக் கொடுத்துக் கேட்டாள். "பின்னால போடுதேன், ஓடு!" என்றது குரல். பன்னிரண்டு வருஷத்தில் மைதானத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

"எம் மவ" என்றாள்.